வாசலுக்கு வந்த மெஷின்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலைய லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் 20 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். ஓய்வு பெற்றுப் பாம்பனில் குடியேறிய பிறகு ரேஷன் வரிசை, பஸ் ஸ்டாப், மீன் ஏலக்கூடம் என்று எங்கே நின்றாலும் புதுசாக வந்த மருத்துவ மெஷின்களைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் ஆள் மாற்றி ஆள் வருகின்றன. கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி வைத்தேன். பதில் எனக்குத் தெரிந்த மட்டில். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. "வீட்டுக்கு வந்து சுகர் பாக்குற அக்கா ஒரு நம்பர் சொல்றாக, லேப்ல வேற நம்பர் வருது. எதை நம்புறது?"

ரெண்டுமே சரியாக இருக்கலாம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர் கையில் வருவது குளுக்கோமீட்டர். அது விரல் நுனி ரத்தத்தைப் பார்க்கிறது. லேபில் கை நரம்பில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற பிளாஸ்மாவைப் பார்க்கிறோம். சர்வதேசத் தரமே குளுக்கோமீட்டருக்கு 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் முன்பின் அனுமதிக்கிறது. லேபில் 200 என்றால் வீட்டில் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். வீட்டுக் குத்தல் யாரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்று உறுதி செய்வது லேப்.

இதையும் தாண்டி வித்தியாசம் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஆளின் கையை. சாயல்குடிப் பக்கம் ஒரு முகாமில் ஒரு அம்மாவுக்கு 290 காட்டியது. பக்கத்தில் நின்ற மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாவின் விரல் இடுக்கில் பழுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. காலையிலிருந்து கருப்பட்டி உடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினோம். 148. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கருப்பட்டி போகாது, தண்ணீர் வேண்டும். ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கிய கைக்கு வேறு கோளாறு. விறைத்த விரலில் ரத்தம் வராது, பிதுக்கினால் சதை நீர் கலந்து அளவு இறங்கிவிடும். கையைக் கொஞ்ச நேரம் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கொடுங்கள்.

2. "நாங்களே ஒரு மெஷின் வாங்கி வச்சிருக்கோம். ஒரு நாள் சரியா காட்டுது, ஒரு நாள் தாறுமாறா காட்டுது. ஏன்?"

ஸ்ட்ரிப் டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் ஜன்னல் ஓரத்தைக் காட்டுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் உப்பு ஜாடியே கசிகிறது. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் என்சைமுக்கு ஈரம் ஆகாது. அந்த டப்பாவின் மூடிக்குள்ளோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். அதனால் ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், எடுத்த கையோடு மூடுங்கள், திறந்த தேதியை மேலே பேனாவால் எழுதுங்கள். பிரிட்ஜிலும் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும்.

3. "பிரஷர் மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒண்ணொண்ணு சொல்லுதே?"

வெயிலில் நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினால் அப்படித்தான் சொல்லும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல் இருங்கள். ரெண்டு முறை எடுங்கள். வேறு வேறு நாளிலும் 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

4. "சவூதில இருக்குற மகன் ஒரு வாட்ச் அனுப்பிருக்கான். ஊசி குத்தாமலே சுகர் காட்டுதாம். இனி விரலைக் குத்த வேணாம்ல?"

கீழக்கரையிலிருந்து இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒன்று வருகிறது. வாட்ச் நாடித் துடிப்பு எண்ணும், நடை எண்ணும், அதெல்லாம் சரி. ஊசியே இல்லாமல் சர்க்கரை சொல்லும் வாட்சோ மோதிரமோ ஒன்றுக்குக்கூடத் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆளே மயங்கி விழலாம்.

கையில் ஒட்டுகிற வில்லை மாதிரி ஒன்று இருக்கிறது, அது வேறு. அதன் அடியில் முடி போல மெல்லிய இழை தோலுக்குள் போய்ச் சதை நீரில் சர்க்கரையை அளக்கும். அது மெய்யான கருவிதான். விலை அதிகம், சில நாளுக்கொரு முறை மாற்றவும் வேண்டும்.

5. "வீடியோ டாக்டர் நம்மளத் தொட்டுப் பாக்காம என்னத்தைக் கண்டுபிடிப்பாரு?"

இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவையைத்தான் இப்படிக் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே செல்போனில் பேசலாம், துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் பேசலாம். என் ஓட்டு ரெண்டாவதற்கு. நர்சம்மா பிரஷர் பார்த்துச் சொல்வார், வயிற்றை அமுக்கிப் பார்த்துச் சொல்வார், டாக்டர் கேட்பதை நமக்குப் புரிகிற பேச்சில் கேட்பார். தொட்டுப் பார்க்கும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழைய நோய்க்கு மாத்திரை தொடர்வது, தோல் அரிப்பு, லேப் ரிப்போர்ட்டுக்கு விளக்கம், இதற்கெல்லாம் வீடியோ போதும். 70 ரூபாய் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பாம்புக்கடி என்றால் வீடியோ வேண்டாம், 108.

6. "அந்த 14 நம்பர் கார்டு இல்லாட்டி ஆஸ்பத்திரில பாக்க மாட்டாகளா?"

பார்ப்பார்கள். ஆபா என்கிற அந்தச் சுகாதார எண் விருப்பமிருந்தால் எடுப்பது. அதனால் என்ன லாபம் என்றால், ராமநாதபுரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை மதுரையில் காட்ட வேண்டி வரும்போது மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ரிப்போர்ட் எடுத்த இடத்திலேயேதான் இருக்கும். நீங்கள் சரி என்றால் மற்றவருக்குத் திறக்கும்.

நம் ஆட்களுக்கு வருகிற தொல்லை கைரேகையில்தான். வலை இழுத்து, கயிறு உராய்ந்து, கடல்பாசி எடுக்கப் பாறையில் உரசி ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் 'பொருந்தவில்லை' என்று திருப்பித் திருப்பிச் சொல்லும். ஆதாரில் இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரவழைத்தே இந்த எண்ணை எடுக்கலாம், ரேகையே வேண்டாம். அந்த செல் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்மில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

7. "குடிதண்ணில பேனா மாதிரி ஒண்ணை விட்டு, நம்பர் ஜாஸ்தி, மெஷின் வாங்குங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. வாங்கணுமா?"

அந்தப் பேனா டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்த உப்பை மட்டும் சொல்லும், கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை குடிக்கலாம். கடலோரக் கிணறுகள் பல இதைத் தாண்டும், அங்கே உப்பு நீக்கும் மெஷின் வைப்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறவர் எதற்காக வாங்க வேண்டும்?

அவர் ரெண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்துத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டினாரா? இரும்புக் கம்பி கரைந்துதான் அந்த நிறம். உப்பு இருக்கிற எந்தத் தண்ணீரிலும் அது வரும், இளநீரிலும் வரும். வாந்தி பேதி வராமல் இருக்க நீங்கள் கேட்க வேண்டியது குளோரின் அளவு. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளரிடம் அதைப் பார்க்கும் சின்னப் பெட்டி இருக்கிறது. வண்ணம் மாறுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

8. "முன்னாடி சளிப் பரிசோதனைக்கு ரெண்டு தடவை கொடுத்தோம், ரெண்டு நாள் அலைஞ்சோம். இப்ப ஒரு மணி நேரத்துல டிபின்னு சொல்றாக. நம்பலாமா?"

இது என் சொந்தத் தொழில், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குக் கிருமி தட்டுப்பட ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமி வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் நான் சிலைடை எத்தனை இடத்தில் உற்றுப் பார்த்தாலும் 'இல்லை' என்றுதான் எழுதுவேன். அப்படி எழுதி அனுப்பியவர்களில் சிலர் ஆறு மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். இப்போது வந்திருக்கும் ட்ரூநாட், கோவாவில் செய்கிற மெஷின், கிருமியின் மரபணுவையே பெருக்கிப் பார்க்கிறது. மில்லிக்கு நூறு அளவில் இருந்தாலும் பிடித்துவிடும். பேட்டரியில் ஓடும், அதனால் கரண்ட் போகிற கிராமத்துக்கும் தோதானது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் டிபி உண்டா இல்லையா, இன்னொரு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கட்டுப்படுமா என்று ரெண்டும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த மெஷினும் எச்சிலைத்தான் பார்க்கும். காலையில் எழுந்து, வாய் கொப்பளித்து, ரெண்டு முறை ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி வேண்டும். திறந்த வெளியில் நின்று எடுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

9. "கையில தூக்கிட்டு வர்ற எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டரே டிபின்னு சொல்லுதாமே? டாக்டர் எதுக்கு அப்புறம்?"

கம்ப்யூட்டர் 'டிபி' என்று சொல்வதில்லை, 'சந்தேகம்' என்று ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படி ஏ.ஐ. வைத்து எக்ஸ்ரே படிக்கலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 டிசம்பர் 7-ல் தொடங்கிய 100 நாள் காசநோய் இயக்கத்தில் இந்தக் கையடக்க எக்ஸ்ரே பெரிதாகப் பேசப்பட்டது. இருமலே இல்லாத ஆளிடமும் நோயை முன்கூட்டி மோப்பம் பிடிப்பது இதன் பலம். பழைய தழும்பையும் பீடிப் புகை வாங்கிய நுரையீரலையும் சந்தேகப்படுவது இதன் பலவீனம். மதிப்பெண் அதிகம் வந்தவர் அடுத்துப் போக வேண்டியது மேலே சொன்ன சளிப் பரிசோதனைக்கு.

உறுதியானால் மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பர் வரை அது 500-ஆக இருந்தது.

10. "மாத்திரை முழுசா முடிச்சிட்டேன். அந்தப் புது மெஷின்லயே மறுபடி பாத்து டிபி போயிடுச்சான்னு சொல்லுங்க."

கூடாது. அது மரபணுவைத் தேடும் மெஷின். செத்த கிருமியின் மரபணுவும் நெஞ்சில் கொஞ்ச நாள் கிடக்கும், அதையும் காட்டிவிடும். குணமான ஆளைத் திரும்பவும் பயமுறுத்த வேண்டியதாகிவிடும். மருந்து முடிந்தபின் பார்க்க என் பழைய மைக்ரோஸ்கோப்பும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும்தான். எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம், மறைப்பானேன்.

மலேரியாவிலும் இதே கதைதான். விரல் ரத்தத்தை அட்டையில் விட்டுக் கோடு பார்க்கும் சோதனை, மூளை வரை தாக்கும் வகை மலேரியாவில், குணமாகிச் சில வாரம் கழித்தும் கோடு காட்டலாம். அங்கேயும் சிலைடு போட்டுப் பார்க்க வேண்டும்.

11. "தீவுக்குள்ள ட்ரோன் விட்டு மருந்து அடிச்சா மலேரியா, டெங்கு எல்லாம் ஒழிஞ்சிடாதா?"

ரெண்டு கொசுவும் வேறு வேறு இடத்தில் குடியிருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் மலேரியாக் கொசு வளர்வது கிணற்றிலும், தென்னை சவுக்குத் தோப்பில் கன்றுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டிப் போட்ட குழிகளிலும். தோப்பு முழுக்க நடந்து குழி குழியாகத் தேடுவது பெரும்பாடு. மேலிருந்து படம் எடுத்து எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்று வரைபடம் போட ட்ரோன் கைகொடுக்கும். டெங்குக் கொசு உங்கள் வீட்டுக்குள் டிரம், பிரிட்ஜ் பின்னாடித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று இருக்கிறது. கூரைக்கு அடியில் ட்ரோனுக்குக் கண் கிடையாது. வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கிவிட்டது. அதே கடல், அதே காற்று. அவர்கள் விட்டதெல்லாம் ட்ரோன் இல்லை. காய்ச்சல் வந்த ஒவ்வொருவரையும் விடாமல் ரத்தம் பார்த்து, மாத்திரை முடிகிறவரை பின்னாலேயே போனார்கள். நம் ஆள் மூன்று நாள் மாத்திரை போட்டுக் காய்ச்சல் விட்டதும் படகு ஏறிவிடுகிறார். வைவாக்ஸ் மலேரியா ஈரலில் ஒளிந்திருக்கும். அதற்கு 14 நாள் பிரிமாக்குவின் இருக்கிறது, முடிக்க வேண்டும்.

12. "அப்ப மருந்து மாத்திரையாவது ட்ரோன்ல வருமா?"

2021 அக்டோபரில் மணிப்பூரில் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தடுப்பூசியை அனுப்பிக் காட்டியது. லோக்தாக் ஏரியில் கராங் தீவுக்கு வான்வழி 15 கிலோமீட்டரை 12 முதல் 15 நிமிஷத்தில் கடந்தது. சாலையில் போனால் 26 கிலோமீட்டர். நமக்கு 1988-லிருந்து பாம்பனில் ரோட்டுப் பாலம் இருக்கிறது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஆள் குடியில்லை. கச்சான் காற்றில் பாலத்துமேல் பைக்கையே பிடித்து ஓட்ட வேண்டியிருக்கிறது. புயலில் பாதை துண்டிக்கும் நாளுக்கு ட்ரோன் இருக்கட்டும். மற்ற நாளில் அந்தக் காசுக்கு இன்னொரு லேப் டெக்னீஷியனைப் போடலாம் என்பது என் கட்சி.

13. "நடுக்கடல்ல நெஞ்சு வலி வந்தா யாருக்குப் போன் அடிக்கிறது? சிக்னலே இருக்காதே."

சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. மண்டபத்தில் கடலோரக் காவல் படையின் நிலையமே இருக்கிறது. சிக்னல் தாண்டினால் விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-வது சானல். அதையும் தாண்டினால் சாட்டிலைட் டிரான்ஸ்பாண்டர். மத்திய அரசு 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. செல்போனோடு புளூடூத்தில் இணைத்தால் டவர் இல்லாமலே சின்னச் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். ஆபத்துக்குத் தனிப் பொத்தான் உண்டு.

'எல்லைக்குப் பக்கம் போனது தெரிந்துவிடும்' என்று அதை அணைத்து வைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் அணைத்த பெட்டியின் பொத்தானை அழுத்திப் பயனில்லை. செய்தியில் நாலே விஷயம் அனுப்புங்கள்: வயது, எங்கே வலி, எப்போது ஆரம்பித்தது, வேர்க்கிறதா. ஆளைச் சாய்த்து உட்கார வையுங்கள், வலை இழுக்க விடாதீர்கள், மீன் போனாலும் படகைத் திருப்புங்கள். 108-ஐ எந்தப் படகுத் துறைக்கு வரச் சொல்வது என்று கரையில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஜெட்டியில் ஆம்புலன்ஸ் இல்லாமல் அரை மணி நேரம் போன கதை நிறைய.

14. "மனசு சரியில்லாதவங்களுக்குப் போன்ல பேசினா தீருமா? நாங்க ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போவோம்."

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் அதை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் என்று தர்கா பக்கத்திலேயே மனநல சிகிச்சை கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழில், எந்த நேரமும், காசில்லாமல். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. பேச்சிலேயே எல்லாம் தீராது. தூக்கம் வராதவர், சாக வேண்டும் என்று சொல்கிறவர், குடியை விட நினைக்கிறவர் வீட்டில் அன்றிரவே என்ன செய்வது, மறுநாள் எங்கே போவது என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறார். நோயாளி பேச மறுத்தால் வீட்டுக்காரர் பேசலாம்.

15. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறாக. நாளைக்கு எம் பொண்ணைப் பாக்க வர்றவுகளுக்கு டிபி இருந்தது தெரிஞ்சிடாதா?"

நியாயமான பயம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 6-ம் கேள்வியில் சொன்னபடி ஆபா விவரம் உங்கள் சம்மதம் இல்லாமல் திறக்காது என்பதுதான் ஏற்பாடு. நான் பார்த்த வரை கசிவு கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. ஒரு முகாமில், ஊர் பேர் வேண்டாம், பரிசோதனைப் பட்டியலைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். 'வேலை முடிந்தது' என்று காட்டத்தான். அந்தக் குழுவில் பாதி ஊர் இருந்தது. ஒரு பெண்ணின் நிச்சயம் நின்றுபோனது.

அதனால் படம் எடுக்கிறார்கள் என்றால் 'எதுக்கு, யாருக்கு அனுப்புறீக?' என்று கேளுங்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லும் முன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். டிபி மருந்து முடித்துக் குணமானவர் மற்றவரைப் போலத்தான், கல்யாணத்துக்குத் தடையே இல்லை.

16. "எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போன நாளாப் பாத்து வாராக. ஆப்ல 'ஆள் இல்லை'ன்னு போட்டுட்டுப் போயிடுறாக. மூணு மாசமா மாத்திரை இல்லை. என்ன செய்ய?"

இந்தக் கடற்கரையில் எல்லாவற்றையும்விட அதிகம் கேட்ட கேள்வி இது. ஆப் செய்தவருக்குப் படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாள் தெரியாது. காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்கும் பெண்களும் பெரியவர்களும் கணக்கில் ஏறுகிறார்கள். 45 வயதில் பிரஷரோடு வலை இழுக்கிறவர் மூன்று முறை 'இல்லை' ஆகி அப்படியே விடுபடுகிறார்.

தன்னார்வலர் பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பெண்தான். படகு போகும் நாளையும் திரும்பும் நேரத்தையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அட்டையைக் காட்டி நீங்களே வாங்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அதில் போகிற ஆண்கள் எல்லாரும் கரையில்தான். பிரஷர், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே மூன்றையும் அப்போதே முடித்துவிடலாம், முகாமைத் துறைமுகத்திலேயே போடச் சொல்லிச் சங்கத்தின் மூலம் மனுக் கொடுங்கள். நாங்கள் ஒரு வருஷம் வலை பின்னுகிற கொட்டகையில் மேஜை போட்டோம். வீட்டுக்கு வீடு போனதைவிடக் கூட்டம்.

படகில் கொண்டுபோகும் மாத்திரையை எஞ்சின் பக்கம் வைக்க வேண்டாம், சூட்டில் கெட்டுவிடும். பட்டையோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு, சோற்றுத் தூக்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். சோறு எடுக்கும்போது கையில் தட்டுப்படும்.